பால்கனியிலிருந்து கண்டது

ஜூன் 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் தொலைபேசியில் அழைத்திருந்தீர்கள். நான் எடுக்கவில்லை. முக்கியமான விஷயங்களைத் தொலைபேசியில் பேசும் பழக்கம் எனக்கு இல்லை என்பதை நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு நடந்தபோதே சொல்லியிருக்கிறேன். எழுதினால் யோசித்து எழுதலாம். பேசினால் வாய்க்கு வந்தது வந்துவிடும்.

உங்கள் இளைய மகனுக்கு எங்கள் தெருவில் நேர்ந்ததைக் கேள்விப்பட்டேன். வருந்துகிறேன். ஆனால் இந்தத் தெருவின் நிலைமையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் குடியிருப்புக்கு எதிரே, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சிறைச்சாலையின் பின்மதில். சில மாதங்களாக மதிலுக்கு உள்ளே ட்ரோனில் பொட்டலங்கள் வந்து விழுகின்றன. கைபேசி, போதைப்பொருள், ஒருமுறை கத்தி. அதனால்தான் போலீசுக்குப் புதிய அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். ட்ரோனை வைத்துக் குற்றம் செய்யப்போகிறார் என்று நியாயமான சந்தேகம் எழுந்தால் யாரையும் தெருவிலேயே நிறுத்தலாம். உடம்பையும் பையையும் வண்டியையும் சோதிக்கலாம். விளக்குக் கம்பந்தோறும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. சந்தேகத்துக்குரிய யாரையாவது கண்டால் தகவல் சொல்லும்படி குடியிருப்பவர்களையும் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே போலீசைக் குறை சொல்வதற்கில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, போட்டிருந்த ஆரஞ்சு நிற வேலைச் சட்டையைக் கழற்றித் தரையில் வைத்து, மண்டியிட்டுக் கறுப்புப் பெட்டியைத் திறக்கும் ஒருவரை யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? அப்படித்தான் நடந்ததாகக் கேள்வி.

என் தெருவுக்கு வேலையாக வருகிறவர் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதை நம் பிள்ளைகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். மருமகள் புது வேலையில் சேர்ந்திருக்கும் நேரம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

ஜூன் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் விசில் ஊதியே காலத்தை ஓட்டியவன் நான். பேனா பிடித்து எழுதினால் எழுத்து மேடுபள்ளத்தில் போகிற மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதன் கூரை ஒழுகுகிறது. ஆளை ஏற்றினால் ஓடு உடையும் என்று, ட்ரோனை விட்டுப் படம் எடுக்கச் சின்னவனின் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிறைச்சாலை பக்கத்தில் என்பதால் தனி அனுமதி. அதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, பள்ளிக்கூடத்தார் முந்தைய நாளே போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மறந்துபோனார்கள். இரண்டு, வேலை முடியும்வரை போட்ட சட்டைக்கு மேலே அந்த ஆரஞ்சுச் சட்டை இருக்க வேண்டும்.

அங்கேதான் வினை. ட்ரோன் கிளம்பும்போது தரையிலுள்ள மண்ணைக் கிளப்பும். மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. அதற்கென்று ஒரு விரிப்பு வைத்திருப்பான். அன்றைக்கு அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான், சோம்பேறி. உங்கள் தெருவிலோ குழாய்க்குத் தோண்டிய புழுதி. சரி, ஒரு நிமிஷம்தானே என்று சட்டையைக் கழற்றித் தரையில் விரித்து, அதன்மேல் ட்ரோனை வைத்தான். கிளப்புவதற்கு முன்னால் கம்பி இருக்கிறதா, மரம் இருக்கிறதா, ஆள் வருகிறதா என்று நாலாபக்கமும் பார்க்க வேண்டும். பின்படியைப் பார்க்காமல் நான் விசில் ஊதுவேனா? அதே மாதிரிதான்.

அதற்குள் இரண்டு வண்டி போலீஸ். யாரோ ஒரு புண்ணியவதி, பெண்குரலாம், 'ஒருவன் சட்டையைக் கழற்றி ஒளிக்கிறான்' என்று சொல்லியிருக்கிறார். கையை விரிக்கச் சொல்லி, பாக்கெட்டைத் திருப்பி, ஷூவைக் கழற்றி உதறி, சாப்பாட்டு டப்பாவையும் திறந்து கிளறினார்களாம். உள்ளே ட்ரோன் குஞ்சு பொரித்திருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. தெருவே நின்று பார்த்திருக்கிறது. இரண்டு பேர் படம்கூடப் பிடித்தார்களாம்.

அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள் என்கிறான். ஆனால் ட்ரோனையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி லைசென்ஸ் ஆபீசில் விசாரணை. சட்டையை மறந்து கழற்றியிருந்தால் எச்சரிக்கையோடு போகும். வேண்டுமென்றே ஒளித்தான் என்று முடிவானால் லைசென்ஸ் ரத்து. இந்த ஜென்மத்துக்கு அவன் ட்ரோன் தொட முடியாது. அவனுக்கு வேறு வேலையும் தெரியாது. கூரையும் கோபுரமும் பார்த்தே வளர்ந்துவிட்டான்.

இன்னொன்று. எதிர்ப்பக்கப் பால்கனியில் உங்களை மாதிரியே ஒருவர் நின்றார்களாம். இவன் அண்ணாந்து, "அத்தை, நான்தான், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கூப்பிட்டானாம். அவர்கள் உள்ளே போய்விட்டார்களாம். வெயில் கண்ணில் அடித்திருக்கும். நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் இறங்கி வந்திருக்க மாட்டீர்களா? கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளாக இருந்திருக்கும்.

உங்களால் ஓர் உதவி. இவன் எங்கள் சொந்தம், ஒளிக்கிற பிள்ளை இல்லை என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். உங்கள் எழுத்துக்கு மரியாதை இருக்கும்.

அன்புடன்,
சம்பந்தி

*

ஜூன் 13

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் ஊகித்தது சரி. அன்று நான் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன்.

நீங்கள் கேட்ட கடிதத்தை என்னால் தர இயலாது. பார்க்காத ஒன்றைப் பற்றிச் சாட்சி சொல்வது முறையல்ல. நான் படித்த கான்வென்ட்டில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான். இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

எனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் ஒருவர் இருக்கிறார். விரும்பினால் பேசிப் பார்க்கிறேன். மற்றபடி, உங்கள் மகன் விசாரணையில் நிமிர்ந்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். தோற்றமும் முக்கியம். அன்றைக்குப் போட்டிருந்த அந்தக் கட்டம்போட்ட சட்டை வேண்டாம், காலர் நைந்திருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

ஜூன் 17

சம்பந்தியம்மாவுக்கு,

அவன் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தான் என்று நான் எழுதவில்லை. காலர் நைந்ததையும் எழுதவில்லை. ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிய பிறகுதான் அது கண்ணில் படும்.

உங்களைப் பிடித்துவிட்டதாக நினைத்து இதை எழுதவில்லை. எனக்கு முதலிலேயே தெரியும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னான். "அத்தைதான்ப்பா. என்னைப் பாத்தாங்க. பாத்துட்டுத்தான் உள்ள போனாங்க." சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை.

வெயில் என்று எழுதியது நான். கண் ஆஸ்பத்திரியும் நான் கொடுத்ததுதான். பஸ்ஸில் சில பெரிய மனிதர்கள் டிக்கெட் எடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் மானம் போகும். அதனால், "சில்லறை இல்லையா சார், அடுத்த ஸ்டாப்புல வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவராக எடுக்கட்டும் என்று. முக்கால்வாசிப் பேர் எடுத்துவிடுவார்கள். நீங்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டீர்கள்.

கல்யாணத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை ஊர்வலத்தைச் சின்னவன் ஆசையாக ட்ரோன் விட்டுப் படம் எடுத்தான். உங்கள் பக்கத்து ஆட்கள் யார் இது என்று கேட்டதற்கு, "போட்டோக்காரங்களோட வந்த பையன்" என்றீர்கள். மணப்பெண்ணின் தம்பி என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. என் வீட்டுக்காரி அன்று அழுதாள். நான்தான், சத்தத்தில் அவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று சமாளித்தேன். உங்களுக்காகச் சமாளித்தே எனக்குப் பழகிவிட்டது.

போலீசைக் கூப்பிட்ட பெண்மணி யாரோ, எனக்குத் தெரியாது. அவர் ஏதோ பயத்தில் செய்திருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்த பிள்ளையைத் தெரியாது என்றவர்மேல்தான்.

கடிதம் வேண்டாம். வக்கீலும் வேண்டாம். வெள்ளைச் சட்டை அவனிடம் இருக்கிறது.

சம்பந்தி

*

ஜூன் 23

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று நான் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனதை உங்கள் மகன் சொல்லியிருப்பார். சொல்லாமலும் இருந்திருக்கலாம். எதுவானாலும் நான் எழுதிவிடுகிறேன்.

போலீசைக் கூப்பிட்ட பெண்மணி நான்தான்.

கண்புரை அறுவை செய்ததிலிருந்து எனக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. மதில்மேல் முள்கம்பியில் சிக்கிய பாலிதீன் பையில் என்ன கடை என்றுகூடப் படிக்க முடிகிறது. அதில் எனக்கு ஒரு கர்வம். அன்று காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று, நாலாபக்கமும் பார்த்தார், வேலைச் சட்டையைக் கழற்றினார், மண்டியிட்டார். உடனே கூப்பிட்டேன். "ஒளிச்சதை நிச்சயமா பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார்கள். "என் கண்ணால பாத்தேன்" என்றேன். அவர் சட்டையைத் தரையில் விரித்ததையும் பார்த்தேன். ஒளிக்கிறவன் ஏன் விரிக்கிறான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் பேச்சை ஒருவர் குறித்துக்கொள்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. என் கணவர் போன பிறகு நான் சொல்வதை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அப்போது அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். கையை விரித்து நிற்கவைத்தபோது முகம் இந்தப் பக்கம் திரும்பியது. தெரிந்தது. அவர் அத்தை என்று கூப்பிட்டார். பக்கத்துப் பால்கனியில் மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். "யாரும்மா அது, உங்களையா கூப்பிடறான்?" என்று கேட்டார்.

"தெரியாது. வேற யாரையோ கூப்பிடறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அறையில் உட்கார்ந்து, சோதனை முடிந்து வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். இறங்கிப் போக எனக்கு நிறைய நேரம் இருந்தது.

கல்யாணத்தில் சொன்னதும் நினைவிருக்கிறது. அதற்குச் சமாதானம் எதுவும் இல்லை.

நேற்று அங்கே லைசென்ஸ் அதிகாரியும், அன்று வந்த இன்ஸ்பெக்டரும் இருந்தார்கள். உங்கள் மகன் ஒரு மூலையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழக்கத்தில் எழுந்திருப்பார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சட்டையை ஒளித்ததை நான் பார்க்கவில்லை, விரித்ததைத்தான் பார்த்தேன் என்று சொன்னேன். அதிகாரிக்குக் கோபம் வந்தது. "அப்ப முன்னாடி சொன்னது பொய்யாம்மா?"

"ஆமா. பாத்தது ஒண்ணு, சொன்னது ஒண்ணு."

"இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். என் மருமகளோட தம்பி. அன்னைக்குக் கேட்டவங்ககிட்ட தெரியாதுன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"போலீஸ் பிடிச்சவன் என் சொந்தம்னு தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு."

சொந்தக்காரரைக் காப்பாற்ற இப்போது வந்து மாற்றிச் சொல்கிறேனா என்று அதிகாரி கேட்டார். அவர் அப்படி நினைப்பது நியாயம். காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றவில்லை, அதனால்தான் இங்கே நிற்கிறேன் என்றேன். பிறகு ட்ரோனை வைக்கும் முன் சட்டை எந்தப் பக்கம் எப்படி விரிந்திருந்தது, கைகளை எப்படி நீட்டித் தூசியைத் தட்டினார் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவை.

நிறுத்திச் சோதனை போட்டது தப்பு என்று ஒப்புக்கொள்வீர்களா என இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். அவர் கடுமையான மனிதர் அல்லர். "நாங்க எப்படிம்மா ஒத்துக்கறது? சந்தேகப்பட எங்களுக்குக் காரணம் இருந்துச்சே. நீங்கதான் காரணம்" என்றார். வெளியே வரும்போது அவரே கதவைத் திறந்துவிட்டு, இதனால் எல்லாம் பயந்துவிடாதீர்கள், இனியும் ஏதாவது கண்ணில் பட்டால் கூப்பிடுங்கள், உங்களை மாதிரிப் பார்க்கிறவர்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். என்னை யாரும் இவ்வளவு மோசமாகப் பாராட்டியதில்லை.

வாசலில் உங்கள் மகன் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "படி உயரமா இருக்கு, பாத்து இறங்குங்கம்மா" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சொல்வதுபோல அம்மா என்றார்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

ஜூலை 11

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் சுற்றினேன். பதில் எழுத வரவில்லை. அந்தப் பெண்மணிமேல் கோபம் இல்லை என்று நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

முதலில் நல்ல செய்தி. லைசென்ஸ் தப்பியது. சட்டையைக் கழற்றியதற்கு ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். நீங்கள் போகாவிட்டால் நடந்திருக்காது. அதைச் சின்னவனும் ஒப்புக்கொண்டான். ட்ரோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கால் உடைந்திருந்தது. யார் உடைத்தது என்று கேட்டால், வரும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள். பஸ்ஸில் கண்ணாடி உடைந்தால் நாங்களும் அதையேதான் சொல்வோம்.

ஒன்று சொல்ல வேண்டும். குத்திக்காட்டுவதற்காக இல்லை. சொல்லாமல் இருந்தால் மறுபடி நான் உங்களுக்காகச் சமாளிக்கிற மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை நிறுத்தப்பட்டவன் பெயர் போலீஸ் கணக்கில் ஏறிவிடுமாம். அதற்குப் பிறகும் வேறு வேறு இடங்களில் அவனை நிறுத்தினார்கள். எல்லாம் சட்டப்படிதான். ஐந்து நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். போன வாரம் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் படம் எடுக்கப் போனான். சும்மா இருக்கிறேனே என்று நானும் கூடப் போனேன். ரோட்டில் ஒரு போலீஸ் வண்டி வந்தது. அது பாட்டுக்கு அதன் வேலையாகப் போய்க்கொண்டிருந்தது. இவன் பெட்டியைக் கீழே வைத்தான்; மூடியைத் திறந்தான்; இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். யாரும் கேட்கவில்லை. வண்டி நிற்கக்கூட இல்லை. உள்ளே இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

"ஏண்டா?" என்றேன்.

"அவங்க சொல்லி நிக்கறதுக்கு நாமளே நின்னுட்டா சீக்கிரம் முடிஞ்சுரும்ப்பா" என்றான்.

என் வீட்டுக்காரி, பாவம் தனியாக இருக்கிற மனுஷி, மன்னித்துவிட்டோம் என்று எழுதுங்கள் என்கிறாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அந்த வார்த்தைக்கு முன்னால் பஞ்சராகி நிற்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதப் பார்க்கிறேன்.

சம்பந்தி

*

ஜூலை 16

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கையை விரித்து நின்றதை எழுதியதற்கு நன்றி. அதை எனக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் லைசென்ஸ் தப்பிய செய்தியோடு நிம்மதியாகியிருப்பேன்.

அன்று கூப்பிட்டது என் மருமகளின் தம்பி என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் சங்கடப்பட்டு, போகட்டும்மா, யாரும் ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை என்றார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நேற்று மகனையும் மருமகளையும் நானே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். ஆமாம், தொலைபேசியில். யோசித்து எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன் என்று தெரிந்துவிட்டது. மகன் கோபித்தான். மருமகள் கோபிக்கவில்லை. "அவன் சாப்பிட்டானா அன்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று நீங்கள் எழுதியிருந்ததால் இல்லை என்றேன்.

இன்னொன்றும் நடந்தது. சென்ற வாரம் ஒருவர் பெரிய பையோடு மதிலோரம் நின்றுகொண்டிருந்தார். மேலே பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாக இருந்தார். நான் கைபேசியை எடுத்தேன். நம்பரைப் போடவில்லை. வைத்துவிட்டேன். மறுநாள் மதிலுக்கு உள்ளே ஒரு பொட்டலம் கிடைத்ததாகப் பேசிக்கொண்டார்கள். அது அவருடையதா, நான் கூப்பிட்டிருந்தால் தடுத்திருக்கலாமா, தெரியாது. கூப்பிட்டாலும் குற்றம், கூப்பிடாவிட்டாலும் குற்றம் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறேன். பால்கனிக் கதவைச் சாத்திவிடலாமா என்று பார்த்தேன். அது மறுபடி உள்ளே போய்விடுவதுதான். அதனால் திறந்தே வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பேச்சைக் கேட்டு, பேனாவைப் பழுதுபார்த்து, அந்த வார்த்தையை எனக்கு எழுதி அனுப்பிவிட வேண்டாம். நீங்கள் எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி